லிஸ்பன்ல ஒத்தைக்கண்ணாடி ஜெனரல் பின்னாடி மூணு மணி நேரம்: ஒரு டூர் ரிவ்யூ

ஆபீஸ் வேலையா லிஸ்பன் போயிருந்தேன், சனிக்கிழமை ஒரு நாள் ஃப்ரீ, கூட வந்தவங்க எல்லாம் சின்ட்ரா அரண்மனை பாக்க கிளம்பிட்டாங்க, எனக்கு அந்த ட்ரெயின் கூட்டத்தை நினைச்சாலே அலுப்பா இருந்துச்சு, அதான் ஆன்லைன்ல தேடி ஒரு நடை டூர் புக் பண்ணேன். தலைக்கு 28 யூரோ. அன்டோனியோ டி ஸ்பினோலாங்கற ஒரே ஒரு ஆளைப் பத்தி மூணு மணி நேரம். ராணுவ கேப்டன்கள் சேந்து சர்வாதிகார ஆட்சியைக் கவுத்த 1974 புரட்சி பத்தின டூர்னு அந்த ஊர்ல நிறைய ஓடுது, எல்லாத்துலயும் துப்பாக்கிக் குழல்ல சிவப்பு கார்னேஷன் பூ சொருகின கதைதான் மெயின். இது அந்தப் பூவுக்குப் பின்னாடி நிக்கற ஜெனரலோட கதை. யாருன்னே எனக்குத் தெரியாது, அதுக்காகவே போனேன். கம்பெனி பேரு போடல, கீழ கொஞ்சம் திட்டப்போறேன்.

காலைல 9:30க்கு பெலெம் அரண்மனை வாசல், அதான் அந்த ரோஸ் கலர் ஜனாதிபதி மாளிகை. கைடு வந்தது 9:50க்கு. அறுபதைத் தாண்டின மனுஷன், கையில ரப்பர் பேண்ட் போட்ட பழைய ஃபைல், சாரி சொல்லிட்டு ஆளுக்கு ஒரு நாட்டா, அதான் அந்த ஊர் முட்டை கஸ்டர்ட் டார்ட், குடுத்தாரு, இன்னும் சூடு ஆறல, அதோட கோவம் போச்சு. கதையை இவரு பின்னாடியிருந்து ஆரம்பிக்கறாரு. "இந்த வீட்டை விட்டு அவரு போனதுலேர்ந்து தொடங்குவோம்"னாரு. 1974 மே 15 ஜனாதிபதி, செப்டம்பர் 30 ராஜினாமா, நாலரை மாசம். பதவியேத்தப்போ காலனிகளை விட்டுட வேணாம், போர்ச்சுகலோட சேத்து ஒரு கூட்டாட்சி மாதிரி வச்சுக்கலாம்னு நம்பிக்கிட்டு இருந்தவரு, அதே ஆளு ஜூலை 27ஆம் தேதி டிவியில வந்து காலனிகளுக்கு சுதந்திர உரிமை உண்டுன்னு அறிவிக்க வேண்டியதாப் போச்சு. செப்டம்பர்ல, வாயைத் திறக்காம இருக்கற பெரும்பான்மை மக்களே எழுந்து வாங்கன்னு கூப்பிட்டாரு, ஆதரவாளருங்க 28ஆம் தேதி பேரணி வச்சாங்க, இடதுசாரிங்க லிஸ்பனுக்கு வர்ற ரோடுகள்ல தடுப்பு போட்டு மறிச்சுட்டாங்க, பேரணியே நடக்கல, ரெண்டு நாள்ல மனுஷன் கிளம்பிட்டாரு. அந்த நாற்காலிக்கு வந்தது இன்னொரு ஜெனரல், கோஸ்டா கோமெஸ்.

அங்கேர்ந்து 15ஆம் நம்பர் ட்ராம். ட்ராம்லயே கதை சொல்றேன்னு ஹெட்செட் குடுத்தாங்க, என்னோடது கொர்ர்னு சத்தம் மட்டும்தான், மாத்திக் குடுத்ததும் அதே. கடைசில கம்பியைப் புடிச்சு தொங்கிக்கிட்டு அவரு வாய்க்கிட்ட காதை வச்சுதான் கேட்டேன். 1975 மார்ச் 11 ஸ்பினோலா ஆளுங்க ஒரு கலகம் பண்ணிப் பாத்தாங்க, தான்கோஸ் விமானதளத்துலேர்ந்து விமானம் வந்து லிஸ்பன் ஓரத்துல இருந்த பீரங்கிப்படை முகாமைத் தாக்குது, ஒரு சிப்பாய் சாவறாரு, சாயந்திரத்துக்குள்ள எல்லாம் புஸ்ஸுன்னு போச்சு, ஸ்பினோலா ஹெலிகாப்டர் ஏறி ஸ்பெயினுக்கு ஓட்டம், அங்கேர்ந்து பிரேசில். இதுல கூத்து என்னன்னா புரட்சியில கவுந்து இவருகிட்ட ஆட்சியை ஒப்படைச்ச பிரதமர் மார்செலோ கயெட்டானோவும் முந்தின வருஷமே பிரேசில்லதான் போய் உக்காந்திருந்தாரு. ஆட்சியைக் குடுத்தவரும் வாங்கினவரும் ஒரே நாட்டுல அகதி! ஸ்பினோலா 1976ல ஊர் திரும்பி, 1981ல மார்ஷல் பட்டமும் வாங்கி, 1996 ஆகஸ்ட்ல 86 வயசுல செத்தாரு. நம்ம ஊர் மாதிரியேதான், ரொம்ப நாள் உசுரோட இருந்தா எல்லாத்தையும் மன்னிச்சிடறாங்க.

தெரெய்ரோ தோ பாசோல, ஆத்தோரத்து பெரிய சதுக்கம், இறங்கி இளவயசுக் கதை. 1910 ஏப்ரல்ல எஸ்ட்ரெமோஸ்ல ராஜா காலத்துல பொறந்தாரு, அக்டோபர்ல ராஜா ஆட்சியே முடிஞ்சு குடியரசு வந்துடுச்சு. குதிரைப்படை ஆபீசர். 1941ல லெனின்கிராட் பக்கம் ஜெர்மன் படை எப்படி சண்டை போடுதுன்னு பாக்கப் போனவங்கள்ல இவரும் ஒருத்தர். இதையெல்லாம் கைடு வேகமா தள்ளிட்டாரு, எனக்கும் ஓகேதான்.

மேற்கு ஆப்பிரிக்காவுல போர்ச்சுகல் காலனியா இருந்த கினியா, இப்போ கினியா-பிசாவு, அந்தக் கதைக்கு வந்தப்பதான் ஃபைலைத் தொறந்தாரு. ஓரமெல்லாம் பல்லுப்பல்லா வெட்டின சின்ன கறுப்பு வெள்ளை போட்டோ ஒண்ணு. கைடோட அப்பா கட்டாய ராணுவ சேவையில கினியாவுல இருந்தப்போ எடுத்தது. செம்மண் புழுதி பறக்குது, ஹெலிகாப்டர் பின்னாடி மங்கலா தெரியுது, முன்னாடி ஸ்பினோலா, கையில கிளவுஸ், கக்கத்துல குதிரைச் சாட்டை, ஒரு கண்ணுல மட்டும் கண்ணாடி. அந்த வெயில்ல கிளவுஸ்! சிப்பாய்ங்க இவருக்கு வச்ச பட்டப்பேரு காக்கோ, அப்படின்னா உடைஞ்ச சில்லு, அந்தக் கண்ணாடியைச் சொல்றது. 1968லேர்ந்து 1973 வரை அங்க கவர்னரும் இவருதான் தளபதியும் இவருதான். ரோடு போட்டாரு, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி கட்டினாரு, ஜனங்களை நம்ம பக்கம் இழுத்துட்டா கெரில்லாங்க தனியாயிடுவாங்கன்னு கணக்கு, அதே கையோட 1970 நவம்பர்ல பக்கத்து நாட்டு தலைநகர் கொனாக்ரிக்கே ரகசியமா படை அனுப்பினாரு. சிறையில இருந்த 26 போர்ச்சுகீசியருங்களை மீட்டாங்க, ஆனா தேடிப் போன கெரில்லா தலைவர் அமில்கார் கப்ரால் சிக்கல. 1972ல செனகல் ஜனாதிபதி செங்கோரைப் பாத்து சமாதானம் பேசினாரு, கயெட்டானோ விடல, தோத்தாலும் பரவால்ல பேச்சுவார்த்தை கூடாதுங்கற மாதிரி பதில் வந்துச்சு. இந்த சண்டையை துப்பாக்கியால ஜெயிக்க முடியாதுன்னு 1974 பிப்ரவரியில 'போர்ச்சுகலும் எதிர்காலமும்'னு புத்தகமே போட்டுட்டாரு, அடுத்த மாசம் வேலை போச்சு.

என் பெரிய கம்ப்ளெயின்ட் இங்கதான். கப்ராலுக்கு ரெண்டே வரி. கினியா விடுதலை இயக்கத்தை நடத்தின ஆளு, 1973 ஜனவரியில கொலையானவரு, அவரு இல்லாட்டி இந்த ஜெனரலுக்கு இப்படி ஒரு புத்தி வந்திருக்குமா? நான் கேட்டேன், கைடு வாட்சைப் பாத்தாரு. அந்த அவசரம் என்னத்துக்குன்னா அடுத்து ஜின்ஜா கடை, செர்ரி பழ சாராயம் விக்கற குட்டிக் கடை, 20 நிமிஷம் நிக்க வச்சுட்டாங்க, நான் குடிக்கறதே இல்ல. கப்ராலுக்கு இல்லாத டைம் சாராயத்துக்கு இருக்கு.

அப்புறம் மேடு ஏறி லார்கோ தோ கார்மோங்கற சதுக்கம். கல்லு பதிச்ச தெரு, வழவழன்னு இருக்கும், ஷூ நல்லதா போட்டுப் போங்க. இந்த இடத்துக்காகவே 28 யூரோ குடுக்கலாம். புரட்சி நடந்த 1974 ஏப்ரல் 25 அன்னிக்கு கயெட்டானோ ஒளிஞ்சிருந்த படை முகாம் எதிர்லயே இருக்கு, வெளிய கேப்டன் சல்கெய்ரோ மாயா கவச வண்டிங்களோட நிக்கறாரு, முகாம் முன்பக்கத்தைப் பாத்து சுடச் சொல்றாரு. "அந்த ஜனேலாவைப் பாருங்க"ன்னு கைடு மேல கை காட்டினாரு, அட நம்ம ஜன்னல்! சாவி, மேசை, ஜன்னல் எல்லாம் போர்ச்சுகீசுன்னு ஸ்கூல்ல படிச்சதுதான், ஆனா ஒரு ஆட்சி கவுந்த இடத்துல நின்னு கேக்கறப்போ ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஒரு கேப்டன்கிட்ட சரணடைய மாட்டேன், ஒரு ஜெனரலைக் கூப்பிடுங்க, அதிகாரம் தெருவுல விழக்கூடாதுன்னு கயெட்டானோ சொன்னாராம். அப்படித்தான் புரட்சியைத் திட்டம் போடாத ஸ்பினோலாவுக்கு போன் போகுது, சாயந்திரம் 6 மணி வாக்குல கூட்டத்துக்கு நடுவுல கார்ல வந்து இறங்கறாரு. கயெட்டானோவை கவச வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்க, வண்டி பேரு 'பூலா', கினியாவுல ஒரு ஊருக்கும் அதே பேருதான். நடுராத்திரி தாண்டி டிவியில அந்த ஒத்தைக்கண்ணாடி முகம்.

புரட்சி பண்ணின கேப்டன்கள்ல பல பேரு கினியாவுல இருந்துட்டு வந்தவங்கதான், மாயாவும் சரி, திட்டம் போட்ட ஒட்டெலோவும் சரி, அதனால கடைசில யார் யாரை உருவாக்கினாங்கன்னு நான் ஹோட்டல் போற வரைக்கும் யோசிச்சுக்கிட்டே போனேன்.

ஹெட்செட்டுக்கு ஒண்ணு, கப்ராலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஸ்டார் கழிச்சு, அந்த போட்டோவுக்காக ஒண்ணைத் திருப்பிக் குடுத்து 5க்கு 4. புக் பண்றவங்க காலை ஸ்லாட் எடுக்காதீங்க, கார்மோ போய்ச் சேர்றப்போ மதியமாயிடும், பக்கத்துல சான்டா ஜுஸ்டா லிஃப்ட்டுக்கு நிக்கற கூட்டத்துல ஒண்ணும் காதுல விழாது. 3 மணி ஸ்லாட் இருக்கு. அதுல போனா அந்த கார் வந்து நின்ன நேரத்துக்கு நீங்களும் அந்த முகாம் வாசல்ல நிப்பீங்க.