இன ஒப்புரவு பற்றிய ஆறு வாரப் பாடத்தொகுப்பு: வாங்கலாம், வரிசையை மாற்றுங்கள்

அமெரிக்கத் திருச்சபைகளின் சிறு குழுக்களுக்காகத் தயாரான தொகுப்பு இது. ஆறு வீடியோக்கள், நடத்துநர் கையேடு, ஆளுக்கொரு பயிற்சிப் புத்தகம். வாரத்துக்கு 20 நிமிட வீடியோ, 40 நிமிடக் கலந்துரையாடல், பிறகு ஜெபம். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இனத்தைப் பற்றிப் பேச இது உண்மையிலேயே உதவும். ஆனால் அச்சிட்ட வரிசைப்படி நடத்தாதீர்கள்.

முதல் வாரமே எபேசியர் 2:14. யூதருக்கும் யூதரல்லாதவருக்கும் இடையிலிருந்த நடுச்சுவர் தகர்ந்தது என்கிற அருமையான வசனம். வைத்த இடம்தான் தவறு. சுவர் இன்னும் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்குள், "கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றுதானே" என்று குழு பேச்சை முடித்துவிடும். அதற்குப் பிறகு வாய் திறந்து வலியைச் சொல்பவர், ஒற்றுமையைக் குலைக்க வந்தவராகத் தெரிவார்.

நான்காம் வாரத்து அப்போஸ்தலர் 6ஐ முன்னால் கொண்டுவாருங்கள். தொகுப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உதவிப் பங்கீட்டில், விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் அதை அடக்கவில்லை, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள்; விடுபட்டவர்கள் பக்கத்திடமே பொறுப்பு போனது என்று தெரிகிறது. கையேடு இதைக் காட்டிவிட்டு, "நம் சபையில் பணத்தையும் பிரசங்க மேடையையும் யார் தீர்மானிக்கிறார்கள்?" என்று கேட்கிறது. இந்த ஒரு கேள்விக்கு 40 நிமிடம் போதாது. வீடியோவைப் பாதியில் நிறுத்தினாலும் பரவாயில்லை.

வரலாற்று வாரம் நேர்மையாக இருக்கிறது. பிலடெல்பியாவின் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரான அப்சலோம் ஜோன்ஸை, ஜெபம் முடியும்வரை கூடப் பொறுக்காமல் பிடித்து எழுப்பினார்கள். உடனிருந்த ரிச்சர்ட் ஆலனின் தலைமையில் 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை உருவானது. அடிமை முறையை ஒட்டிய பிளவில் 1845இல் பிறந்த தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு 1995இல்தான் மன்னிப்புக் கேட்டது. 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்துக்கு மட்டும் இரண்டே நிமிடம். பொறுமை காக்கச் சொன்ன எட்டு மதகுருமாருக்கான பதில் அது. வீட்டில் முழுவதும் வாசித்து வரச் சொல்லுங்கள்.

பெரிய கோளாறு மூன்றாம் வாரத்தில். கறுப்பின உறுப்பினர்கள் முதலில் அனுபவத்தைச் சொல்லட்டும் என்கிறது கையேடு. பத்துப் பேரில் அவர்கள் இரண்டு பேர் என்றால், அந்த இரண்டு பேரும் மற்றவர்களுக்குப் பாடப்புத்தகம் ஆகிவிடுவார்கள். கேட்டவர் ஒருவர் அழுதால், காயப்பட்டவரை விட்டுவிட்டு அழுதவரைத் தேற்ற எல்லாரும் திரும்புவார்கள். வெள்ளையர்கள் தாங்கள் வளர்ந்த தெரு, பள்ளி, ஆலயம் பற்றி முதலில் எழுதி வாசிக்கட்டும். ஆளுக்கு 2 நிமிடம், குறுக்கீடும் பதிலும் கிடையாது. மற்றவர்கள் விரும்பினால் மட்டும் பேசலாம். நடத்துநர்கள் இரு இனத்திலிருந்தும் ஒவ்வொருவர் இருப்பது அவசியம்.

ஐந்தாம் வாரம் மன்னிப்பு. 2015இல் சார்ல்ஸ்டனில் கறுப்பினத்தவரின் இம்மானுவேல் ஆலயத்தில் வெள்ளை இனவெறியன் ஒருவனால் ஒன்பது பேர் கொல்லப்பட்ட இரண்டே நாளில், உறவினர் சிலர் கொலையாளியை மன்னித்ததைக் காட்டுகிறார்கள். நெஞ்சை உலுக்கும் காட்சி. ஆனால் மன்னிப்பவரின் கடமையோடு பாடம் நின்றுவிடுகிறது. ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்ற வரிவசூலிப்பவர் சகேயு, இந்தத் தொகுப்பில் எங்குமே இல்லை. லூக்கா 19:8ஐ, அந்த "நாலத்தனையாக" என்ற சொல்லோடு, நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் வாரம் ஆளுக்கொரு தீர்மான அட்டை தருகிறார்கள். "இனி நான்..." என்பதற்குக் கீழே வெற்றிடம், அவ்வளவுதான். கொடுப்பதற்கு முன் "எந்தத் தேதிக்குள்", "யாரிடம் கணக்குச் சொல்வேன்" என்று இரண்டு வரிகளைப் பேனாவால் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.