கட்டளை வரியில் மாதிரிகளுக்குச் சுருக்கப்பெயர்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்திலிருந்தே அழைப்பதற்காகச் சைமன் வில்லிசன் உருவாக்கிய 'எல்எல்எம்' என்ற கருவியை நான் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தத் தொடங்கி நீண்ட காலமாகிறது. அதன் வசதிகளில் எனக்கு அதிகம் கைகொடுத்தது சுருக்கப்பெயர் வைக்கும் வசதிதான். 'கிளாட்-3-5-சானட்-20241022' (ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் ஒரு மாதிரி) போன்ற முழுப்பெயரை ஒவ்வொரு முறையும் பிழையின்றித் தட்டச்சு செய்வது யாருக்கும் அலுத்துப்போகும். 'அலையசஸ் செட்' என்ற கட்டளைக்குப் பின் நாம் விரும்பும் சுருக்கப்பெயரையும் மாதிரியின் முழுப்பெயரையும் கொடுத்தால், அவை ஜேசன் வடிவிலான ஒரு சிறிய உரைக்கோப்பில் பதிவாகிவிடும். அந்தக் கோப்பை நகலெடுத்து வைத்தால் வேறொரு கணினியிலும் அதே பெயர்கள் கிடைக்கும்.

பெயர் வைப்பதில்தான் யோசனை வேண்டும். 'சானட்', 'மினி' என்று மாதிரியை ஒட்டிப் பெயர் வைப்பதைவிட, 'கோட்', 'டிராஃப்ட்' என்று வேலையை ஒட்டி வைப்பதே நீண்ட காலத்துக்கு உதவும் என்பது என் கருத்து. கிளாட் 3.5 சானட் 2024 ஜூனில் வெளிவந்தது. அக்டோபரில் வந்த அதன் புதிய பதிப்பும் அதே பெயரைத் தாங்கியிருந்தது, முழுப்பெயரின் கடைசியில் உள்ள தேதி மட்டுமே மாறியிருந்தது. 'கோட்' என்று வைத்திருந்தால் அது எந்தப் பதிப்பைக் குறிக்க வேண்டும் என்பதை ஒரே கட்டளையில் மாற்றிவிட்டு வேலையைத் தொடரலாம், விரல்களின் பழக்கம் மாற வேண்டியதில்லை. (தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கவும் ஆசைதான், ஆனால் விசைப்பலகையை மாற்றி மாற்றி அடிப்பதற்கு முழுப்பெயரே மேல்.)

கவனிக்க வேண்டிய இரண்டு நுட்பங்கள் உண்டு. ஏற்கெனவே உள்ள ஒரு சுருக்கப்பெயரை வைத்து இன்னொன்றை உருவாக்கினால், கோப்பில் பதிவாவது அப்போதைய முழுப்பெயரே. ஆகவே பிறகு முதலாவதை மாற்றினாலும் இரண்டாவது பழைய மாதிரியையே அழைத்துக்கொண்டிருக்கும். அடுத்து, கருவி அறியாத மாதிரிப் பெயரைக் கொடுத்தாலும் அது அப்படியே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. எழுத்துப்பிழை இருந்தால், அந்தப் பெயரை முதன்முறை பயன்படுத்தும்போதுதான் தெரியவரும்.

கையால் தட்டச்சு செய்யும் வேலைக்கு மட்டுமே நான் சுருக்கப்பெயரைப் பயன்படுத்துகிறேன். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் கிரானில் ஓடும் ஸ்கிரிப்ட்டுகளில் தேதியுடன் கூடிய முழுப்பெயரையே எழுதுகிறேன். இல்லையென்றால் டெர்மினலில் செய்த ஒரு சிறு மாற்றம், இரவில் தானாக ஓடும் வேலையின் விடையையும் செலவையும் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடும். எந்த விடையை எந்த மாதிரி தந்தது என்ற ஐயம் எழுந்தால் 'லாக்ஸ்' கட்டளை கைகொடுக்கும், ஏனெனில் பதிவேட்டில் மாதிரியின் முழுப்பெயரே சேமிக்கப்படுகிறது.

சுருக்கப்பெயர் மாதிரியை மட்டுமே சுட்டும். நிலையான அறிவுறுத்தலையும் சேர்த்து வைக்க விரும்புவோர் இதே கருவியில் உள்ள டெம்ப்ளேட் வசதியை நாட வேண்டும். மொழிபெயர்ப்புச் சரிபார்ப்புக்கு எனக்கு அதுவே ஏற்றதாக இருக்கிறது.