வயிற்றோட்டத்துக்கு எந்தப் பைக்கற்? பாமசித் தட்டில் இருப்பவை பற்றி

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பாமசியில் “ஜீவனி ஒன்று தாங்க” என்று கேட்டால் (வயிற்றோட்டத்தில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி) எதுவும் கைக்கு வரலாம்: 1 லீற்றர்ப் பைக்கற், 200 மி.லீ. குட்டிப் பைக்கற், போத்தலில் கலந்தே வரும் பானம், சில நேரம் வெறும் குளுக்கோசுப் பொடி. எல்லாம் ஒரே வேலை செய்யாது. முன்னாலுள்ள தோடம்பழப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2002 ஆம் ஆண்டுச் சூத்திரம் 1 லீற்றருக்கு இப்படி: சோடியம் குளோரைட்டு 2.6 கிராம், நீரற்ற குளுக்கோசு 13.5, பொற்றாசியம் குளோரைட்டு 1.5, முச்சோடியம் சித்திரேற்று 2.9. மொத்தம் 20.5 கிராம். சோடியமும் குளுக்கோசும் தலா 75 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு), அதாவது சம எண்ணிக்கை. காசு கொடுப்பது இந்தச் சமனுக்குத்தான்.

ஏனென்றால், குடற்சுவர்க் கலத்தின் மென்சவ்வை உப்பும் குளுக்கோசும் தாமாகக் கடக்க முடியாது. எஸ்.ஜி.எல்.ரி.1 என்ற காவிப் புரதம் இரண்டு சோடியம் அயனோடு ஒரு குளுக்கோசு மூலக்கூறைச் சேர்த்து உள்ளே எடுக்கும்; ஒன்று இல்லாவிட்டால் மற்றதும் நிற்கும். கலத்தின் மறுபக்கத்தில் சோடியம்-பொற்றாசியம் பம்பி கலத்தின் எரிபொருளான ஏ.ரி.பி.யைச் செலவழித்துச் சோடியத்தை இரத்தப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் கலத்துக்குள் சோடியம் எப்போதும் குறைவு, காவியும் ஓயாமல் இழுக்கிறது. கரைபொருள் போன பக்கம் பிரசாரணத்தால் (செறிவு கூடிய பக்கத்துக்கு நீர் நகர்வது) நீரும் போகும். கொலராவின் நஞ்சு குளோரைட்டையும் நீரையும் குடலுக்குள் கொட்ட வைத்தாலும் இந்தக் காவியைத் தொடுவதில்லை. அதுதான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

இந்தக் கண்ணால் பார்த்தால் தட்டில் பாதி கழிந்துவிடும். குளுக்கோசுப் பொடியில் சோடியம் இல்லை. விளையாட்டு வீரர் பானத்தில் சீனி கூட, சோடியம் மட்டம். வயல் வேலையில் வியர்த்தவருக்குச் சரி, வயிற்றோட்டத்துக்குச் சரியில்லை. “சீனி இல்லாதது” என்று பெருமையாக எழுதிய உப்புப் பானத்தில் காவிக்குத் துணையே இல்லை. இளநீரில் பொற்றாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்; கூடவே குடிக்கலாம், பதிலாக அல்ல.

நல்ல பைக்கற்றையும் கரைப்பதில் கெடுக்கலாம். 1 லீற்றர்ப் பொடியை அரை லீற்றரில் கரைத்தால் செறிவு 245 இலிருந்து 490 மில்லியொஸ்மோலாகும் (கரைந்த துகள்களின் மொத்தச் செறிவு). இரத்தம் 290 அளவில் இருப்பதால் நீர் எதிர்த்திசையில், குடலுக்குள் இழுபடும், ஓட்டம் கூடும். “கொஞ்சம் இனிக்கட்டும்” என்று சீனி போட்டாலும் இதேதான். கிளாஸ் கணக்கு வேண்டாம், கிளாசுகள் பல அளவு. வெறும் 1 லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலை எடுத்து, கொதித்தாறிய நீரை நிரப்பி, சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி முழுப் பைக்கற்றையும் கொட்டிக் கலக்குங்கள். கடலோரத்திலும் வாவிக்கரையிலும் உவர்க் கிணற்று நீர் கூடாது. கொதிக்க வைத்தால் உப்புப் போகாது, இன்னும் செறியும். சுவை கண்ணீரை விடக் கரித்தால் எங்கோ அளவு பிழைத்திருக்கிறது. கலந்தபின் சூடாக்க வேண்டாம்; 24 மணித்தியாலம் தாண்டினால் ஊற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு தடவை போனபின்பும் 2 வயதுக்குக் கீழ் 50–100 மி.லீ., 2 முதல் 10 வயது வரை 100–200 மி.லீ., பெரியவர்களுக்கு வேண்டிய மட்டும். சத்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, கரண்டியால் மெல்ல மெல்லக் கொடுங்கள்.

எங்கள் தெரிவு: வீட்டுக்கு 1 லீற்றர்ப் பைக்கற். சின்னப் பிள்ளை மட்டும் குடிப்பதென்றால் 200 மி.லீ. குட்டிகள்; பெரிய பைக்கற்றைக் கண்மட்டத்தில் ஐந்தாகப் பிரிக்கும் வேலை மிச்சம். போத்தல் பானத்தில் சோடியம் 75 என்று எழுதியிருந்தால் வாங்கலாம், எழுதாவிட்டால் வையுங்கள். மாரி மழையில் ஈரம் பிடித்துக் கல்லான பைக்கற்றை மாற்றித் தரச் சொல்லுங்கள். மலத்தில் இரத்தம், பிள்ளை சோர்ந்து கிடப்பது, குடிக்க மறுப்பது என்றால் பைக்கற்றை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.