ஸ்டீல் என்று சொல்லி விற்ற பூண்டு நசுக்கி: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

நசுக்கிய பூண்டைக் கத்தி முனையால் வழித்துக் கிண்ணத்தில் போடும்போது ஏதோ மின்னியது. மெல்லிய செதில், அரிசி நொய் அளவுகூட இருக்காது. எடுத்து நகத்தால் அழுத்தினேன், பட்டென்று முறிந்தது. பூண்டுத் தோல் முறியாது, வளையும். நசுக்கியைக் கழுவித் துடைத்து ஓட்டைத் தட்டின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நாலைந்து ஓட்டைகளைச் சுற்றிப் பளபளப்பு உரிந்து, அடியில் மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தது. இரண்டு மாதமாக வீட்டில் எல்லோரும் சாப்பிட்டதில் அந்தச் செதில்கள் எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

இணையத்தில் வாங்கியது. விற்பனைப் பக்கத்தில் "முழுவதும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று போட்டிருந்தார்கள். கையில் எடுத்தபோது நல்ல கனம். கனமாக இருந்தால் ஸ்டீல்தான் என்று நானும் நம்பினேன். அது தப்பு. துத்தநாகக் கலவையும் கிட்டத்தட்ட ஸ்டீல் அளவுக்கே கனக்கும். அதை உருக்கி அச்சில் ஊற்றி, மேலே குரோமிய முலாம் பூசினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் முலாம் மிக மெல்லியது. ஓட்டைகளின் விளிம்பில்தான் ஒவ்வொரு முறையும் அழுத்தமும் உரசலும் விழுகின்றன, உரியத் தொடங்குவதும் அங்கேதான்.

செதிலைப் பார்த்த பிறகு சாப்பாட்டுக்கு அதைத் தொடவில்லை. விற்றவருக்கு அனுப்ப வீடியோ எடுக்கலாம் என்று ஒரே ஒரு பூண்டுப் பல்லை வைத்து அழுத்தினேன். கீல் பக்கத்தில் கைப்பிடி இரண்டாக உடைந்து, கூர்முனை உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. உடைந்த இடம் கரடுமுரடாக, சர்க்கரைக்கட்டியைப் பிளந்த மாதிரி இருந்தது. ஸ்டீல் கைப்பிடியாக இருந்திருந்தால் வளைந்திருக்கும், இப்படித் துண்டாகத் தெறித்திருக்காது.

புகார் எழுதினேன். முதல் பதில்: "நீங்கள் கழுவிய முறை தவறு, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டிருப்பீர்கள்." நான் கையால்தான் கழுவினேன். அதோடு, இயந்திரத்தில் போடலாம் என்று அவர்கள் பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த பதில், திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது. மூன்றாவது முறை எழுதும் முன் விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் வரியே மாறியிருந்தது: "ஸ்டீல் ஃபினிஷ்". அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிட்டது. ஃபினிஷ் என்றால் மேல்பூச்சின் தோற்றம், அவ்வளவுதான். நான் வாங்கிய நாளில் பக்கத்தைப் படம் பிடித்து வைக்கவில்லை. நீங்கள் எதை வாங்கினாலும் பணம் கட்டும் முன் அதைச் செய்துவிடுங்கள்.

காந்தம் வைத்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். துத்தநாகத்திலும் அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. சமையல் பாத்திரங்களில் அதிகம் வரும் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பெரும்பாலும் ஒட்டாது. அதனால், ஒட்டவில்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உடல், கைப்பிடி, ஓட்டைத் தட்டு மூன்றும் எந்த உலோகம் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். நழுவலாகப் பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டும் இருந்தது. எனக்கு அதுதான் பெரிய கோபம். இந்தக் கருவியில் நசுக்கினால்தான் அல்லிசின், அதாவது பூண்டுக்குக் காரமும் நெடியும் தரும் பொருள், கிடைக்கும் என்று எழுதியிருந்தார்கள். பூண்டின் செல்கள் உடையும்போது அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் ஒன்றுசேர்ந்து அல்லிசின் உண்டாகிறது. கத்தியின் தட்டைப் பக்கத்தால் தட்டினாலும் அதேதான் நடக்கும், இடிகல்லில் இடித்தாலும் அதேதான். எவ்வளவு நைசாக நசுங்குகிறதோ அவ்வளவு காரம். சூடு பட்டால் நொதி செயலிழந்துவிடும், அதனால் நசுக்கிச் சில நிமிடம் விட்டுவிட்டு அடுப்பில் போடுவது நல்லது. இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம்.

அதே சீட்டில், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மொத்தமாக நசுக்கி எண்ணெயில் போட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் யோசனை. தயவுசெய்து செய்யாதீர்கள். எண்ணெய்க்குள் காற்று புகாது, பூண்டில் புளிப்பும் போதாது. பொட்டுலிசம் என்பது நரம்புகளை முடக்கி உயிருக்கே ஆபத்தாகும் உணவு நச்சு நோய். அந்த நச்சை உண்டாக்கும் கிருமிக்கு இது தோதான இடம். நிறமோ மணமோ மாறாமலே கெட்டுப்போயிருக்கலாம். 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில், குளிரூட்டாமல் வைத்திருந்த எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

இப்போது பழையபடி கத்திதான். பல்லின் அடிக்காம்பை நறுக்கி, கத்தியைப் படுக்கவைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினால் தோல் தானே கழன்றுவிடும். விழுதாக வேண்டுமென்றால் ஒரு சிட்டிகை கல்லுப்பு சேர்த்து இடிகல்லில் இடிக்கிறேன். உப்பு உரசி நசுக்குவதால் வேலை சீக்கிரம் முடிகிறது, பல்லும் வழுக்கி வெளியே ஓடுவதில்லை.

உங்களிடம் பளபளப்பான நசுக்கி ஏற்கெனவே இருந்தால், ஓட்டைத் தட்டின் உள்பக்கத்தை இன்றைக்கே நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரலால் தடவாதீர்கள், உரிந்த விளிம்பு வெட்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள்.