பிசிமூவர் புரொபஷனல்: நிறுவுதட்டு தொலைந்துபோன நிரல்களுக்கு ஒரு வழி

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டதிலிருந்து, பல ஆண்டுகளாக ஒரே கணினியில் வேலை பார்த்துவந்தவர்களும் புதியது வாங்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறார்கள். படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துப் புதிய கணினியில் இறக்கிவிடலாம். அதில் பெரிய சிக்கல் இல்லை. நிரல்கள்தாம் அவ்வளவு எளிதில் இடம் மாறுவதில்லை. நிறுவப்பட்ட ஒரு நிரலின் முதன்மைக் கோப்புகள் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் இருந்தாலும், அதன் அமைப்புகள் விண்டோஸின் அமைப்புத் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியிலும், பயனருக்குரிய விவரங்கள் கண்ணில் படாமல் மறைந்திருக்கும் ஆப்டேட்டா கோப்புறையிலும், பொதுத் துணைக்கோப்புகள் விண்டோஸ் கோப்புறைக்குள்ளும் பிரிந்து கிடக்கின்றன. முதற்சொன்ன கோப்புறையை மட்டும் நகலெடுத்துப்போனால் பெரும்பாலான நிரல்கள் திறக்கவே திறக்காது.

இந்த வேலைக்கென மைக்ரோசாப்ட் தானே கருவிகள் தந்த காலமும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு வழிகாட்டி நிரல் இருந்தது. விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் ஈசி டிரான்ஸ்ஃபர் என்ற பெயரில் அது மேம்பட்டது. 2015இல் விண்டோஸ் 10 வெளியானபோது அது கைவிடப்பட்டது. ஆனால் அந்தக் கருவிகளும் கோப்புகளையும் அமைப்புகளையும் கொண்டுபோனவையே தவிர நிரல்களைக் கொண்டுபோனவை அல்ல. இப்போதுள்ள விண்டோஸ் பேக்கப் செயலியின் நிலையும் அதுதான். மைக்ரோசாப்ட் ஸ்டோரிலிருந்து நிறுவியவற்றை மீண்டும் இறக்கிக்கொள்ள அது உதவும். மற்றவற்றை நாமே தேடி நிறுவ வேண்டும். அது நம்பியிருக்கும், மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே என்பதால், ஒரு குடும்பத்தின் திருமணப் படங்களுக்குக்கூட அது போதாது.

இந்த இடைவெளியில்தான் லேப்லிங்க் நிறுவனத்தின் பிசிமூவர் நிற்கிறது. 1980களில், மடிக்கணினியையும் மேசைக்கணினியையும் ஒரு கேபிளால் இணைத்துக் கோப்புகளைக் கைமாற்றும் மென்பொருளால் பெயர் பெற்ற அமெரிக்க நிறுவனம் அது. ஈசி டிரான்ஸ்ஃபரைக் கைவிட்ட மைக்ரோசாப்ட், விண்டோஸ் 10க்கு மாறுபவர்களுக்கு இவர்களுடைய பிசிமூவர் எக்ஸ்பிரஸ் பதிப்பையே சில காலம் இலவசமாக வழங்கியது. எக்ஸ்பிரஸ் பதிப்பு கோப்புகளையும் அமைப்புகளையும் மட்டுமே மாற்றும். நிரல்களையும் மாற்ற வேண்டுமானால் புரொபஷனல் போன்ற கட்டணப் பதிப்பு தேவை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எக்ஸ்பிரஸைப் பதிவிறக்குபவர்கள் ஏமாற்றமடைவது உறுதி.

கருவியின் செயல்முறை தெளிவானது. பழைய கணினியிலும் புதிய கணினியிலும் அதை நிறுவி, இரண்டையும் ஒரே வலையமைப்பில் இணைத்தால் அவை ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. வரிசை எண்ணைச் சரிபார்க்க இணைய இணைப்பு வேண்டும். பிறகு அது பழைய கணினியை ஆராய்ந்து, நிரல்கள், பயனர் கணக்குகள், கோப்புறைகள் என்று வகை பிரித்துப் பட்டியல் தருகிறது; வேண்டாதவற்றின் குறியை நாம் நீக்கிவிடலாம். வைஃபை வழியாகவும் வேலை நடக்கும் என்றாலும் லேன் கேபிளையே நான் பரிந்துரைப்பேன். இன்றைய கணினிகளில் சாதாரண லேன் கேபிள் ஒன்றை நேரடியாக இரண்டுக்கும் இடையே செருகினாலே போதும். கிகாபிட் இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 125 மெகாபைட் என்பதால், பழைய ஹார்ட் டிஸ்க் கொடுக்கக்கூடிய வேகத்துக்கு அது ஈடுகொடுக்கும். தொடங்குவதற்கு முன் இரு கணினிகளும் உறக்கநிலைக்குப் போகாதபடி மின்சார அமைப்பை மாற்றிவிட வேண்டும். மின்வெட்டு உள்ள ஊர்களில் மேசைக்கணினியை யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலைக்கு உட்படுத்தவே கூடாது.

தமிழ் நூல்களைப் பக்க வடிவமைப்பு செய்பவர்களுக்கு இக்கருவி எவ்வளவு பயன்படும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தமிழ்நாட்டின் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) மையங்களிலும் சிறு அச்சகங்களிலும், இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டு, பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு நிரலில் உருவான கோப்புகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. மறுபதிப்பு என்று வந்தால் அந்தக் கோப்பைத்தான் திறந்தாக வேண்டும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதன் குறுந்தட்டு எத்தனை பேரிடம் இன்னும் பத்திரமாக இருக்கும்? இருந்தாலும், புதிய மடிக்கணினிகளில் அதைச் செருக இடமில்லை. இத்தகைய நிரலை, அதற்குரிய ரெஜிஸ்ட்ரிப் பதிவுகளோடும் பயனர் அமைப்புகளோடும் சேர்த்து எடுத்துப்போகிறது என்பதில்தான் பிசிமூவரின் மதிப்பு இருக்கிறது. இணையவழி அனுமதி கேட்கும் வழக்கம் பரவுவதற்கு முந்தைய நிரல்கள் இந்த மாற்றத்தைப் பெரும்பாலும் தடையின்றித் தாங்குகின்றன.

எழுத்துருக்களை மட்டும் எந்தக் கருவியின் பொறுப்பிலும் விடக் கூடாது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் உள்ள உரை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியலாகத் தெரியும். அதே பெயருள்ள எழுத்துருவின் வேறு பதிப்பைப் போட்டால், ஓரிரு எழுத்துகள் மட்டும் மாறி, மெய்ப்புத் திருத்துபவரின் கண்ணுக்கும் தப்பி அச்சேறிவிடும். விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபாண்ட்ஸ் கோப்புறையை நகலெடுத்தால் போதும் என்ற பழைய வழக்கமும் இப்போது முழுமையாகச் சரியல்ல. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல், நிர்வாகி உரிமையின்றி நிறுவும் எழுத்துருக்கள் அந்தந்தப் பயனரின் ஆப்டேட்டாவுக்குள் தனியாகச் சேமிக்கப்படுகின்றன. இரண்டு இடங்களிலிருந்தும் நகல் எடுத்துத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். என்எச்எம் ரைட்டர், அழகி, இகலப்பை ஆகிய தட்டச்சுக் கருவிகளை மாற்றுவதைவிடப் புதிதாக நிறுவிக்கொள்வதே நல்லது. விசைப்பலகைக் கருவிகள் இயங்குதளத்தோடு நெருங்கிப் பிணைந்தவை.

பிசிமூவரால் முடியாதவையும் உண்டு. வாங்குவதற்கு முன் அவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. உரிமத்தை அந்தக் கணினியின் வன்பொருளோடு பிணைத்திருக்கும் மென்பொருள்கள் இடம் மாறினாலும் மீண்டும் அனுமதி கேட்கும். டேலி கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துவோர் பழைய கணினியில் உரிமத்தை முறைப்படி சரண்டர் செய்த பின்னரே புதியதில் செயல்படுத்த முடியும்; பழைய கணினி இயங்கும் நிலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். வைரஸ் தடுப்பு மென்பொருளையும் பிரிண்டர், ஸ்கேனர் டிரைவர்களையும் புதிய கணினியில் புதிதாகவே போட வேண்டும். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் இயங்கா; விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால், 1990களின் 16 பிட் கணக்கு நிரல் ஒன்றை நம்பியிருப்பவரை எந்த இடமாற்றக் கருவியாலும் காப்பாற்ற முடியாது. குரோம் உலாவியின் கடவுச்சொற்கள் விண்டோஸ் பயனர் கணக்கோடு பிணைத்து மறையாக்கப்பட்டிருப்பதால், அவற்றை கூகுள் கணக்கின் ஒத்திசைவு வழியாகக் கொண்டுபோவதே நம்பகமான முறை.

எனக்கு உடன்பாடில்லாதது உரிம முறை. புரொபஷனல் பதிப்பு பெரும்பாலும் 60 டாலரை ஒட்டிய விலையில் விற்கப்படுகிறது. ஓர் உரிமம் ஒரு பழைய கணினிக்கும் ஒரு புதிய கணினிக்கும் இடையிலான மாற்றத்துக்கு மட்டுமே செல்லும். நான்கு கணினிகள் உள்ள ஒரு சிறிய அச்சகத்துக்கு இது கணிசமான செலவு. நிரல்களின் நிறுவுகோப்புகள் கையில் உள்ளவர்களும், இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளக் கூடியவற்றை மட்டுமே பயன்படுத்துபவர்களும் இதை வாங்கத் தேவையில்லை. ஒரு வெளி டிஸ்க்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அவர்களுக்குப் போதும். அப்படிப் புதிதாக நிறுவும்போது பழைய குப்பை வராது என்ற நன்மையும் உண்டு. பிசிமூவரிடம் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால், என்றோ நிறுவி மறந்துபோன துணைக்கருவிகளும் பின்னணியில் ஓடும் சேவைகளும் கூடவே புதிய கணினிக்குக் குடிபெயரும். ஆகவே பட்டியல் திரைக்கு வந்ததும் முதலில் எல்லா நிரல்களின் குறியையும் நீக்கிவிட்டு, மீண்டும் கிடைக்காதவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பதே சரியான முறை என்று கருதுகிறேன்.

பழைய கணினியே எழவில்லை, ஆனால் அதன் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றால், டிஸ்க்கைக் கழற்றிப் புதிய கணினியில் இணைத்து அதிலிருந்து நேராக மாற்றும் வசதியும் பிசிமூவரின் சில பதிப்புகளில் இருக்கிறது. கணினி பழுதடைந்த பிறகு இதைத் தேடுவோருக்கு விலைக்கேற்ற பயன் இதுதான். ஆனால் அந்த டிஸ்க் விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புத்திறவி இல்லாமல் எதுவும் நடவாது. மைக்ரோசாப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்பதை, கணினி நன்றாக இருக்கும்போதே பார்த்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றம் முடிந்த பின் புதிய கணினியில் ஏதாவது முரண்பட்டால் முன்னிருந்த நிலைக்குத் திரும்பும் வசதி கருவியிலேயே உள்ளது. பழைய கணினியில் அது எதையும் அழிப்பதில்லை. என்றாலும் பழைய டிஸ்க்கை உடனே துடைத்துவிட வேண்டாம்: பழைய பேஜ்மேக்கர் கோப்பு ஒன்றை முழுவதும் அச்சுத்தாளில் எடுத்துப் பார்த்து, ஒரு மாதக் கணக்கையாவது புதிய கணினியில் முடித்து, ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்யும்வரை அது மேசைக்கடியில் அப்படியே இருக்கட்டும்.