கிரவுன் பினியன் மாற்றக் கொடுக்கும் முன் பல் கணக்கைக் கேட்டுவிடுங்கள்

ஏற்காட்டில் தோட்ட வேலைக்கு ஒரு பழைய மஹிந்திரா சிஜே 3பி ஜீப் வைத்திருக்கிறேன். பின் ஆக்சிலில் ஊளைச் சத்தம் கேட்டதால் கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கிரவுன் பினியன், அதாவது இன்ஜின் பக்கமிருந்து வரும் ஷாஃப்டின் சுற்றைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெரிய கிரவுன் வீலும் சின்னப் பினியனும் சேர்ந்த பல்சக்கர ஜோடி, போய்விட்டது என்றார்கள். "உங்க வண்டில இருந்த அதே செட்டுதான் சார்" என்று மாட்டிவிட்டு 19,000 ரூபாய் வாங்கினார்கள். பழைய செட்டைக் கேட்டு வாங்க எனக்குத் தோன்றவில்லை.

சத்தம் நின்றது. ஆனால் இரண்டாம் கியரில் ஏறிய கொண்டை ஊசி வளைவெல்லாம் முதல் கியர் கேட்டது. ஸ்பீடோமீட்டர் 45 காட்டும்போது செல்போன் 50 காட்டியது. மெக்கானிக்கிடம் சொன்னேன். "ஓட ஓட செட் ஆயிடும் சார்."

பத்து நாள் கழித்து மழையில், நான்கு சக்கரமும் இழுக்கட்டும் என்று ஃபோர் வீல் போட்டேன். சேற்றில் ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த தரை வந்ததும் நூறடிக்குள் வண்டி இழுத்துப் பிடித்து நின்றது. ஃபோர் வீல் லீவர் வெளியே வர மறுத்தது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்த பிறகுதான் கழன்றது. அப்போதுதான் பொறி தட்டியது: பின்னால் மாட்டிய செட்டின் பல் கணக்கு முன்னால் இருப்பதோடு ஒத்துப்போகவில்லையோ?

இந்த ஜீப்பில் ஹேண்ட்பிரேக் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். அதனால் அதை விடுவித்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினேன். டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு. ஒரு சக்கரம் தரையில் இருந்தால் தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றும்போதுதான் கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்றும். இதை மறந்தால் கணக்கு பாதியாகிவிடும். ஒரு சுற்றை வைத்துக் கணக்குப் போட்டால் கண்ணளவில் பிசகும் என்று 20 சுற்று சுற்றினேன், மகன் ஷாஃப்டை எண்ணினான். 48¾ சுற்று. பத்தால் வகுத்தால் 4.875, அதாவது கிரவுன் வீலில் 39 பல், பினியனில் 8 பல். அதே வேலையை முன் சக்கரத்தில் செய்தால் 53¾. அது 5.375, 43க்கு 8. இந்த வண்டிக்கு உரியது அதுதான்.

முன்னும் பின்னும் பத்து சதவீத வித்தியாசம்! ஃபோர் வீலில் ஒரே வேகத்தில் சுற்றும் இரண்டு ஷாஃப்டுகள், முன் சக்கரம் 100 சுற்றும்போது பின் சக்கரத்தை 110 சுற்றச் சொல்கின்றன. சேற்றில் வழுக்கிச் சமாளித்தது, காய்ந்த தரையில் எங்கே போகும்? இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸே போயிருக்கும்.

திரும்பிப் போனேன். "டயர் சைஸ் வேற சார், அதான்" என்றார் மெக்கானிக். நான்கும் ஒரே டயர். கவரைக் கழற்றச் சொல்லி, நின்று எண்ணவைத்தேன். 39 பல். "கடைக்காரன் மாத்திக் கொடுத்துட்டான்" என்று கதை மாறியது. சரி, பழைய செட்டைக் கொடுங்கள் என்றால், அது அன்றைக்கே இரும்புக் கடைக்குப் போய்விட்டதாம். பேசிப் பேசி 6,000 ரூபாய் திரும்பி வந்தது, கூலி வராது என்றுவிட்டார்.

யாராவது இந்த வேலைக்கு வண்டி விடுவதாக இருந்தால், விடும் முன் சாக்பீஸ் போட்டு எண்ணிக்கொள்ளுங்கள், பில்லில் பல் எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள், பழைய செட்டைக் கையோடு வாங்கி வாருங்கள். என் ஜீப்பின் முன் ஷாஃப்ட் இப்போது கழற்றப்பட்டு ஷெட்டில் கிடக்கிறது. நல்ல 43/8 செட் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன், அடுத்த மழைக்குள் கிடைக்க வேண்டும்.