டாக்பேக்கோடு எட்டு வருடம்

எனக்குப் பார்வை ஒரே நாளில் போகவில்லை. ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்ல மெல்லப் பழுதாகும் நோய். முதலில் இரவில் படிக்கட்டு தெரியாமல் போனது. அப்புறம் பக்கவாட்டில் வரும் சைக்கிள்கள். 2017-ல் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் மிஞ்சியது. அந்த வருடம்தான் ஆண்ட்ராய்டு போனில், திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் டாக்பேக்கைப் போட்டேன். இப்போது கையில் இருப்பது மூன்றாவது போன்.

"எங்கே கிடைக்கும், என்ன விலை?" என்று இன்னும் கேட்கிறார்கள். விலை ஒன்றும் இல்லை. செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதிக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் 2009-லிருந்தே இருக்கிறது.

விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று அது சொல்லும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இரண்டு முறை தட்டினால் திறக்கும். முதல் இரண்டு வாரம் போனைச் சுவரில் அடிக்கலாமா என்று தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரத்தில் கை தானாகப் போகும். பேச்சு வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். இப்போது நான் கேட்கும் வேகத்தை என் மகள் "அப்பா மிக்ஸி போட்டுட்டார்" என்கிறாள். இந்த வேகத்துக்கு மனிதக் குரல் போல இழையும் குரல்கள் குழைந்துவிடுகின்றன. எழுத்தைப் பேச்சாக்கும் இ-ஸ்பீக் மென்பொருளின் பழைய ரோபோ குரல்தான் எனக்கு ஒத்துவருகிறது. கேட்க நன்றாக இருக்காது, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும்.

எல்லா எழுத்தும் அல்ல. ன, ண இரண்டும் காதுக்கு ஒன்றுதான். என் மேலதிகாரியின் மகள் கல்யாணத்துக்கு 'திருமன வாழ்த்துகள்' என்று அனுப்பினேன். நாலு பேர் அதையே நகலெடுத்துப் போட்டார்கள். இப்போது முக்கியமானது எதையும் எழுத்து எழுத்தாகப் படிக்கவைத்துச் சரிபார்த்த பிறகே அனுப்புகிறேன்.

ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும் நண்பர்கள் தனி ரகம். 'எப்போ வர' என்று கேட்பான், ஆங்கிலக் குரல் அதை 'எப்பூ வேர்' என்று வாசிக்கும். பழகிவிட்டது. பழகாதது பழைய எழுத்துருக்கள். எங்கள் குடியிருப்பில் தண்ணீர் லாரி பற்றிய அறிவிப்பு பாமினி எழுத்துருவில் வந்தது. கண்ணுக்கு அது தமிழ். போனுக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். பாமினியில் 'அம்மா' என்று அடித்திருந்தால் எனக்குக் கேட்பது "எம், கே, செமிகோலன், கே, எச்". எந்தப் போனும் தமிழாகவே படிக்கும் யூனிகோடில் அடிப்பதற்கு ஒரு நிமிடம்கூட அதிகம் ஆகாது.

பணம். புதிய நோட்டுகளில் 100 ரூபாயின் நீளம் 142 மி.மீ., 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. உயரம் மூன்றுக்கும் 66. மடங்கிக் கசங்கிய நோட்டில் 4 மி.மீ. வித்தியாசத்தை விரலால் பிடிப்பது எப்படி என்று நீங்களே முயன்று பாருங்கள். தடவிப் பார்க்க 100-ல் முக்கோணம், 500-ல் வட்டம் என்று மேடாக அச்சிட்டிருக்கிறார்கள். நாலு மாதம் புழங்கிய நோட்டில் அது தேய்ந்துபோகும். ரிசர்வ் வங்கியின் 'மணி' ஆப் 2020 ஜனவரியில் வந்தது. கேமரா முன்னால் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும், இணையமும் வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து எண்ண அருமை. கடையில் பின்னால் ஆள் நிற்கும்போது ஓடாது.

உண்மையில் என்னைக் காப்பாற்றியது எனக்காகச் செய்யாத ஒரு பொருள். கடைகளில் 'இத்தனை ரூபாய் வந்தது' என்று பேசும் அந்தச் சின்னப் பெட்டி. பரபரப்பான கடைக்காரர் போனைப் பார்க்க வேண்டாம் என்று செய்தது. மந்தைவெளியில் நான் கீரை வாங்கும் அக்கா ஒரு பெட்டி வைத்திருக்கிறார். க்யூஆர் எங்கே மாட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் மேல தம்பி, ஆங், ஆடாத" என்பார். பின் நம்பரை இயர்போன் வழியாகக் கேட்டு அடிப்பேன், ஒரு காதில் மட்டும். இன்னொரு காது தெருவுக்கு வேண்டும். பெட்டி 'நாற்பது ரூபாய்' என்று ஊருக்கே சொல்லும். நான் போட்டது நாற்பதுதான், நானூறு அல்ல என்று எனக்கும் தெரிந்துவிடும்.

இனி புகார். எட்டு வருடத்தில் டாக்பேக்கால் நான் பட்டது கொஞ்சம், பெயர் வைக்காத பட்டன்களால் பட்டது நிறைய. திரையில் கூடை படமோ குப்பைத் தொட்டி படமோ இருக்கும், எனக்குக் கேட்பது வெறும் "பட்டன்". நானே பெயர் வைத்துக்கொள்ள டாக்பேக்கில் வழி உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் அது எடுபடாது. ஆப்பைப் புதுப்பித்தால் வைத்த பெயர் சில சமயம் காணாமல் போகும். அதனால் சம்பளம் வரும் வாரத்தில் நான் எதையும் அப்டேட் செய்வதில்லை.

எங்கள் மூன்றாவது மாடியில் ஒரு பையன், ஓஎம்ஆரில் மளிகை ஆப் ஒன்றில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் போனில் டாக்பேக் வழியாகத் திரையை இருட்டாக்கி மறைத்து அவன் கையில் கொடுத்து, "ஒரு கிலோ உளுந்து ஆர்டர் பண்ணு" என்றேன். பட்டன், பட்டன், பட்டன் என்று போன் சொல்லிக்கொண்டே இருந்தது. நாலாவது நிமிடம், "இதுல எது கூடைண்ணா?" என்றான்.

"அதைத்தான் நானும் எட்டு மாசமா தேடறேன்."

"ஒரு வரிண்ணா இது. கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்னு ஒரு வரி."

எனக்கும் தெரியும், பட்டன் எதற்கு என்று எழுதிவைக்கும் ஒரு வரிதான். அடுத்த அப்டேட்டில் 'கூடையில் சேர்' என்று கேட்டபோது நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. பொருளை நீக்கும் பட்டன் மட்டும் 'ஐகான் 24' என்றது. கேட்டால் அது வேறு டீமாம்.

இதைவிட மோசம் முகத்தைக் காட்டச் சொல்லும் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு. ஒரு வங்கி ஆப் என்னிடம் "கண்களைச் சிமிட்டுங்கள்" என்றது. சிமிட்டினேன். முகம் வட்டத்துக்குள் இல்லையாம். வட்டம் எங்கே என்று சொல்லவில்லை. பதினோரு முறை முயன்றுவிட்டு, அரை நாள் லீவு போட்டுக் கிளைக்கு நேரில் போனேன். இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, 20 உத்தரவுகள் போட்டார்கள். கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி வேண்டும் என்பதும் அதில் உண்டு. அடுத்த கேஒய்சி எனக்கு வரும் வருடம். பார்ப்போம்.

பஸ் நம்பர் படிக்க கேமராவை நம்பவேண்டாம். எல்இடி பலகை கேமராவில் துண்டு துண்டாக விழுகிறது. போன் '29' என்று ஆரம்பிப்பதற்குள் வண்டி லஸ் முனையைத் தாண்டியிருக்கும். "29சி-யாம்மா?" என்று பக்கத்தில் கேட்பதுதான் இன்றுவரை வேகமான வழி.

பேட்டரி பற்றிக் கேட்பார்கள். திரையை மறைத்தே வைத்திருப்பதால் எனக்கு ஒன்றரை நாள் வருகிறது. போன மாதம் போன் கீழே விழுந்தது. மறுநாள் மகள்தான் பார்த்துவிட்டு, "அப்பா, டிஸ்ப்ளே சுத்தமா போச்சு" என்றாள். தொடுதிரை வேலை செய்துகொண்டிருந்தது, அதனால் நானும் கண்டுகொள்ளவில்லை. மூன்று வாரம் கழித்து வேறு வேலையாக ரிச்சி தெருவுக்குப் போனபோதுதான் கொண்டுபோனேன். கடைப் பையன் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மூணு வாரமா இப்படியேவா சார் ஓட்டுனீங்க?"

புது டிஸ்ப்ளேவுக்கு 2,400 ரூபாய் சொன்னான். மாற்றுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.